எடை குறைந்த தெர்மாகோல்

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் எங்கள் தெர்மாகோல் கம்பெனியில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். அது என் சோதனை அறை. அதனாலேயே எல்லோருக்கும் சாப்பாட்டு அறையும் அதுதான்.

சூடான தட்டுக்கும் குளிர்ந்த தட்டுக்கும் நடுவில் தெர்மாகோல் பலகையை வைத்தால், அதைத் தாண்டி எவ்வளவு சூடு போகிறது என்று மெஷின் சொல்லும். அளவு ஒரு நிலைக்கு வர ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை அறையின் குளுமை மாறக் கூடாது. நடுவில் யாராவது கதவைத் திறந்துபோட்டுச் சாம்பார் சாதம் பிசைந்தால் அளவு கந்தல்தான். இரண்டு வருடமாகக் கத்துகிறேன். ஒரு ஜென்மமும் கேட்பதில்லை.

இந்த வாரம் மருந்துப் பெட்டி ஆர்டர். இன்சுலினையும் தடுப்பூசியையும் ஐஸோடு வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பும் பெட்டிகள். சூடு போகும் அளவு முப்பத்தேழைத் தாண்டக் கூடாது. நாற்பத்து மூன்று வந்தது.

முதலாளி கலியபெருமாள் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"எவனாச்சும் கதவத் தொறந்திருப்பான். நீதான டெய்லி சொல்லுவ, நூரீன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னதையே எடுத்து என் வாயை அடைக்கிறார்!

மறுநாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். மறுபடியும் நாற்பத்து மூன்று.

"சார், பலகை பழைய எடையில பாதிதான் இருக்கு. பலகை செய்யற பிளாஸ்டிக் மணிய ரொம்ப உப்ப விட்டுட்டீங்க."

"காத்து அதிகமானா நல்லதுதான? காத்துல சூடு சீக்கிரம் போவாதுன்னு நீயே சொல்லியிருக்க."

"காத்து வழியா போவாது சார். வெயில் மாதிரி கதிரா பாய்ஞ்சு போவும். அதத் தடுக்கறதுக்கு உள்ள பிளாஸ்டிக் வேணுமில்ல? அதத்தான் கொறச்சுட்டீங்களே!"

ஒரு பலகையை ஜன்னலில் பிடித்துக் காட்டினேன். பின்னால் இருந்த என் விரல்கள் நிழலாகத் தெரிந்தன. அவர் பார்க்கவே இல்லை. மேசையைத் துழாவி, இதே பலகைக்குத் திங்கட்கிழமை எடுத்து, செல்லாது என்று நான் ஒதுக்கிவைத்த சோதனைத் தாளை எடுத்தார். அன்று நாலு பேர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வந்தது முப்பத்தாறு.

"இதுல கையெழுத்துப் போடு."

"இதுதான் சார் கதவத் தொறந்து கெடுத்தது!"

"போட மாட்டியா? நானே போட்டுக்கறேன்."

போட்டார். முத்திரையும் குத்தினார். வெளியே பெட்டிகளை வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கையெழுத்து இல்லையே என்று நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது. மருந்து கெட்டிருப்பது ஊசி போட்டுக்கொள்பவருக்கு எப்படித் தெரியும்? பார்த்தால் தண்ணீர் போலத்தானே இருக்கும்.

ஆர்டர் தாளில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் மேனகாவின் நம்பர் இருந்தது. போன் போட்டேன்.

"மேடம், பெட்டி செய்யற கம்பெனியில இருந்து பேசறேன். டெஸ்ட் பண்றவ. இப்ப வர்ற பெட்டிய எறக்காதீங்க. அதுல ஐஸ் தாங்காது."

"உங்க முதலாளிக்குத் தெரியுமாம்மா?"

திரும்பிப் பார்த்தேன். கலியபெருமாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தெரியும் மேடம். கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."