சாம்பியன் ரீப்ஸில் மூன்று கிகாஹெர்ட்ஸ்

பிளஸ் விசையை அழுத்தினேன். கம்ப்யூட்டரின் நீலத் திரையில் 200 என்று இருந்த எண் 201 ஆயிற்று. அதற்குமேல் விரல் போகவில்லை.

"இன்னாடீ, மொய் எழுதறியா? இருநூத்தி ஒண்ணாம்!" என்றாள் ஐடா. "தள்ளு, நான் ஏத்தறேன்."

ஐடா, சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடுகளில் பக்கத்து வரிசைக்காரி. பள்ளியில் என் பங்குக்கும் சேர்த்துப் பேசியவள். கம்ப்யூட்டர், அப்பா வேலை செய்யும் பெங்களூர் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதன் பிராசஸர் புதிதாக இருந்தபோதே மலிவு ரகம். என்னைவிட மூன்று வயதுதான் சின்னது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எனக்குத் தேர்வு. செருப்பு, குக்கர், பொம்மை என்று நாற்பது படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் பின்னணியை வெட்டி நீக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் எங்கள் லைன் வாணி அக்காவோடு தினமும் ரயிலேறிப் பெங்களூர் கார்மென்ட்ஸுக்குப் போக வேண்டியதுதான். ரயிலில் எதிரே உட்காருகிறவர்கள் "பேசு பாப்பா" என்பார்கள். பத்தாவதில் ஆசிரியர் எழுப்பி நிறுத்தியபோது ஒட்டிக்கொண்ட நாக்கு இன்னும் எனக்கு முழுதாகப் பிரியவில்லை. மூன்று முறை பழகிப் பார்த்தேன். மூன்று முறையும் இரண்டு மணி இருபது நிமிடம். என் கை வேகமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தப் பெட்டி யோசித்துக்கொண்டு நின்றது.

இந்த 200ஐ ஏற்றினால் பிராசஸர் அதே கணக்கில் வேகமாக ஓடும், சூடும் கூடும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அளவுக்கு மீறினால் எழுந்திருக்காது என்றும் போட்டிருந்தது. ஐடா அதைப் படிக்கவில்லை. ஒரே மூச்சில் 280 வைத்தாள். திரை இருண்டது.

"செத்துட்ச்சாடீ?" முதன்முறையாக அவள் குரல் சின்னதாகக் கேட்டது.

பெட்டியைத் திறந்து, உள்ளே காசு போல இருந்த பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன். எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பழைய 200லேயே எழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். பிராசஸரின் சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகத் தூள் அடைத்திருந்தது. சைனைடு மேட்டுத் தூள். சுரங்கத்தில் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் எங்கள் லைனுக்குப் பின்னால் மலையாக நிற்கிறது. காற்றடித்தால் சோற்றிலும் தலையணையிலும் அதுதான். பழைய பல் பிரஷால் சுரண்டி எடுத்தேன். ஐடா ஆண்டர்சன்பேட்டை மொபைல் கடையில் சூடு கடத்தும் வெள்ளைப் பசை வாங்கிவந்து தன் பாவத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தோம். 250ல் நிலைத்து நின்றது. பிராசஸர் வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ். சூடு அறுபத்திரண்டு டிகிரி. நாற்பது படமும் ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் முடிந்தன.

வியாழக்கிழமை முப்பது படம் வரை எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. முப்பத்தொன்றில் பெட்டிக்குள் ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. திரையின் மூலையில் சூடு எண்பது, எண்பத்தாறு, தொண்ணூற்றிரண்டு. மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நொடி கழித்து வந்தது. அளவு மீறிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது நிறுத்தி 200க்கு இறக்கினால் நேரம் போய்விடும். கண் கலங்கியது.

கட்டிலில் இருந்த ஐடா எட்டிப் பார்த்துக் கத்தினாள். "ஆன்ட்டி! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

ஜன்னலடியில், தரையில் இருந்த பெட்டிமேல் பூப்போட்ட போர்வை. நான்கு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தது.

"காத்து கிளம்பிடுச்சி இல்ல," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து வந்தபடி. "சோத்தை மூடனேன், தண்ணிய மூடனேன், புத்தர் படத்த மூடனேன். அதுங்கூட இதையும் மூடனேன். நீதான தூளு ஆவாதுன்னு பல்லு வெளக்கி வுட்ட?"

"யம்மா, எடு அத!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா பாய்ந்து போர்வையை உருவினாள். இட்லிப் பானையைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. எண் இறங்கத் தொடங்கியது. ஆனால் ஜன்னலின் ஒரு கதவு மழையில் உப்பி, சாத்த வராது. அதன் வழியே வெள்ளையாகத் தூள் நேரே பெட்டிமேல் வந்து விழுந்தது.

அம்மா ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு போர்வையை இரண்டு கைகளாலும் விரித்து ஜன்னலை அடைத்து நின்றாள்.

"நீ வேலையப் பாரு. காத்த நான் பாத்துக்கறேன்."

"கோல்கீப்பர் ஆன்ட்டி!" என்று ஐடா கைதட்டினாள்.

"சும்மா இருடி, கை நோவுது. எத்தினி ஆச்சுன்னு சொல்லு."

ஐடா உரக்க எண்ணினாள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. சிரித்துக்கொண்டே ஒரு குக்கர் கைப்பிடியைச் சுற்றி வெட்டினேன். இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது அனுப்பு என்பதை அழுத்தினேன். பச்சைக் கோடு நிதானமாக நிறைந்து முடிந்தது. தேறினேனா என்பது திங்கட்கிழமைதான் தெரியும். ஐடா கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

அனுப்பிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். காற்று போர்வையைப் பாய்மரம் போல உப்பவைத்து அம்மாவைப் பின்னால் தள்ளியது. அவள் ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, அதைத் திரும்பத் தள்ளினாள். தலையெல்லாம் வெள்ளைத் தூள். வெயில் போர்வையை ஊடுருவி, அதன் சிவப்புப் பூக்கள் அவள் கன்னத்திலும் கழுத்திலும் ஆடிக்கொண்டிருந்தன.