பேஷ்

திங்கட்கிழமை காலையில் என் மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்குவதாக இருந்தது. ஈறெல்லாம் சீழ். அந்தப் பல் போனால் சாக்ஸபோன் ஊத முடியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவுதான் எனக்குக் கடைசி. நான் வாசித்தேன் என்பதற்கு உலகத்தில் அந்த ஒரு இசைத்தட்டுதான் மிஞ்சும்.

சோழவரம் கார் பந்தயத்தில் ஜாஸ் வாசிக்கும் எங்கள் ஐந்து பேரையும், பட்டணத்து ஆர்க்கெஸ்ட்ரா நாற்பது பேரையும் சேர்த்து உட்காரவைக்க ஸ்டூடியோவில் இடம் போதவில்லை. திருவள்ளூரில் மூடிக்கிடந்த ஒரு டாக்கீஸைப் பிடித்தார்கள். எழுபத்தொன்று, மே மாதம். சத்தம் விழுமென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவன் தும்மினாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அரக்கோணம் ரயிலே நான்கு தடவை கெடுத்தது.

ஐந்தாவது தடவை என் தனி வாசிப்பு வந்தபோது நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. ஆனால் வந்ததே ஒரு வாசிப்பு! பீற்றிக்கொள்ளவில்லை, அப்படி நான் வாசித்ததே கிடையாது. இன்னும் அரை நிமிடம்தான் பாக்கி.

"பேஷ்! பேஷ்!"

முதல் வரிசை வயலின்காரன் ஸம்பத்குமார். பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம், கச்சேரிகளில் பழகிய வாய். கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பதிவு நின்று சிவப்பு விளக்கு அணைந்தது.

"இன்னொரு தடவை போலாம்" என்றார் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர். ஊதினேன். வீங்கிய உதட்டிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. திரும்பத் திரும்ப ஊதினேன். காற்றுதான்.

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி மூக்கில் குத்தினேன். வயலினைப் பிடுங்கித் தரையில் அடித்து நொறுக்கினேன்.

"இன்னாத்துக்குயா கத்துன? வாய மூடிக்கினு குந்தமாட்டியா?"

"வுடு சின்னராசு, செத்துடப் போறான்!" என்று எங்கள் டிரம்மர் துளசிராமன் இடுப்பைக் கட்டி இழுத்தான். அவன் வாயிலும் முழங்கையால் இடித்தேன். வயலின்காரர்கள் என் முதுகில் ஸ்டாண்டுகளால் அடித்தார்கள். எனக்கு உறைக்கவே இல்லை. கீழே கிடந்தவனின் இடது கையை ஷூக்காலால் ஓங்கி மிதித்தேன். விரல்கள் முறிந்த சத்தம் கேட்டது. தெரிந்தேதான் மிதித்தேன். என் பிழைப்பு போனதுபோல் அவனுடையதும் போகட்டும் என்று வெறி.

அதன்பிறகு யாரும் என்னை அடிக்கவில்லை. பயந்து விலகிவிட்டார்கள்.

"ஏன் சாமி கத்துன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அழுகையாகக் கேட்டது.

அவன் கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். மூக்கிலிருந்து வேட்டியெல்லாம் ரத்தம்.

"வேணும்னு சொல்லலை. ரெக்கார்டிங்னே மறந்துபோச்சு. அவ்வளவு நன்னா இருந்தது."

பதினாறு வருஷம் ஊதியிருக்கிறேன். என்னைக் கேட்டுக்கொண்டே குடித்தார்கள், ஆடினார்கள், கை தட்டினார்கள். கேட்டுத் தன்னை மறந்தவன் இவன் ஒருவன்தான். அவன் கையைத்தான் உடைத்திருக்கிறேன்.

கைக்குட்டையை எடுத்து அந்த விரல்களைக் கட்டக் குனிந்தேன். ஸம்பத்குமார் முகத்தை மறைத்துக்கொண்டு, "அடிக்காதீங்கோ" என்றான்.