காற்றுப் புகாத கறி

தமிழ்க்குமரன் ஐயா என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆனால் பதினெட்டுக் கிலோ ஆட்டுக்கறியை ஒரு மாதம் என் வீட்டில் வைத்துக் காப்பாற்றச் சொல்ல அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, கிருமாம்பாக்கம் பக்கம் அதற்கு ஆள் தேடுகிறவர்கள் வீணாக அலைய வேண்டாம். நேராக அவர் வீட்டுக்குப் போகலாம்.

அவர் ஊர்த்தெருக்காரர், நெல்லும் கரும்பும் போடுகிறவர். என் மாமனார் காலம்வரை எங்கள் ஆட்கள் அவர்கள் நிலத்தில்தான் வேலை செய்தார்கள். இப்போது என் வீட்டுக்காரர் சார்லஸ் பஸ் ஓட்டுகிறார். நான் கடலூர் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் பதினோரு வருடம் பேக்கிங்கில் நின்றேன். குளிரில் விரல் மரத்துப்போய் வேலையை விட்டேன். சேர்த்து வைத்ததைப் போட்டு, போன தை மாதம் காலனியில் புது வீடு கட்டி முடித்தோம்.

ஃபாதர் வந்து புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்த அன்றைக்கு ஐயாவும் வந்தார். வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மொய்க் கவரைச் சார்லஸ் கையில் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை, சாப்பாடு வேண்டாம் என்றார். சரி, ஒரு டம்ளர் தண்ணீராவது குடிக்கட்டும் என்று நீட்டினேன். தண்ணீருக்கும் வயிறு சரியில்லையாம். நீட்டிய டம்ளரோடு நான் நிற்பதைப் பார்த்த என் மகள் சுகன்யா, அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த சனத்துக்கு முன்னால் அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதே மனுஷன் புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் ஒரு டாடா ஏஸ் வண்டியில் பெரிய ஃப்ரீசரோடு வந்து இறங்கினார். மூடிப்போன ஐஸ்கிரீம் கடையில் வாங்கியது, பக்கவாட்டில் கோன் ஐஸ் படம் இன்னும் ஒட்டியிருந்தது. கூடவே, பிரான்சில் இருக்கும் அவர் மச்சான் கொண்டுவந்த மிஷின் ஒன்று. கவருக்குள் கறியைப் போட்டு மிஷின் வாயில் கொடுத்தால், காற்றை உறிஞ்சிவிட்டு ஒட்டிவிடும். கம்பெனியில் இதன் பெரியப்பனோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவளிடம், அவர் அரைமணி நேரம் அதை விளக்கினார்.

விஷயம் இதுதான். புரட்டாசியில் கறிக்கடையில் ஈதான் மொய்க்கும், விலை இறங்கும். இந்த வருடம் புரட்டாசி முடிந்து மூன்றாம் நாளே தீபாவளி, விலை ஏறிவிடும். அவர் மகளுக்குத் தலைதீபாவளி. நெட்டப்பாக்கத்திலிருந்து மாப்பிள்ளை புகழ்வேந்தன் சம்பந்தி சனத்தோடு வருகிறார். இப்போதே வாங்கிப் போட்டுவிடலாம் என்றால், அவர் மனைவி அருள்மொழி புரட்டாசி மாதம் முட்டை ஓட்டைக்கூட வாசல்படி தாண்ட விடமாட்டார். மோட்டார் கொட்டகையில் கரண்டு நிலையாக நிற்காது. அதனால் என் வீட்டுப் பக்கவாட்டு ஷெட்டில் ஃப்ரீசர் இருக்கட்டும், கம்பெனியில் கற்ற வேலைதானே, கறியை வெட்டி, கழுவி, சீல் பண்ணி நீயே அடுக்கிவிடு என்றார்.

எங்கள் வீட்டில் வைத்தது உங்களுக்கு ஆகுமா என்று நேராகவே கேட்டேன்.

"இது வேக்வம் ஸ்டெல்லா. உள்ள காத்தே இல்ல. காத்து இல்லன்னா எதுவும் ஒட்டாது," என்றார்.

எது ஒட்டாது என்றேன். கிருமி என்றார். கம்பெனிச் சுவரில் எல்லாக் கிருமிக்கும் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன். இவர் சொன்ன கிருமி அதில் எதிலும் இல்லை. அதற்கு ஆயிரம் வயதாவது இருக்கும்.

வாடகை தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சுகன்யாவுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு அவர் வர வேண்டும் என்றேன். இதற்கென்ன, கட்டாயம் வருகிறேன் என்றார்.

"வந்து நிக்கக் கூடாதுங்க. ஒக்காந்து எல போட்டு சாப்டணும்."

அவர் ஃப்ரீசரைப் பார்த்தார், வண்டிக்காரனைப் பார்த்தார், கடைசியில் சரி என்றார். எனக்கு அது போதும். நான் ஏன் அந்த ஆள் சாப்பிடுவதற்கு இத்தனை ஆசைப்பட்டேன் என்று சார்லஸ் அன்றைக்குக் கேட்டார். அவர் சாப்பிட்டால் எனக்கு வயிறு நிறையாது என்று எனக்குத் தெரியாதா? என் மகள் கண்முன்னால் மறுத்தவர், என் மகள் கண்முன்னால் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

கறி வந்தது. ஈரத்தோடு சீல் பண்ணினால் தண்ணீரை மிஷின் இழுத்துவிடும், முதலில் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் உறையவிட வேண்டும் என்றேன். ஃபோனில் பார்த்த வீடியோவில் அப்படிச் சொல்லவில்லை என்றார். எலும்பு முனை கவரைக் குத்தும், துணி சுற்ற வேண்டும் என்றேன். வீடியோவில் எலும்பே காட்டவில்லை என்றார். அவர் கையாலேயே சீல் பண்ணிய ஆறு கவரில் நான்கு, மறுநாள் காலையில் காற்றுப் பிடித்து உப்பிக் கிடந்தன. அதற்குப் பிறகு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார். அப்போதும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் ஷெட்டுக்கு வருவார். வாசல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

புரட்டாசி முடிய மூன்று நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரப் புளியமரம் கம்பிமேல் விழுந்து, எங்கள் பக்கம் முழுக்கக் கரண்டு போனது. பயப்பட ஒன்றுமில்லை, நிறைந்த ஃப்ரீசர், மூடியைத் திறக்காமல் விட்டால் இரண்டு நாள் தாங்கும் என்று ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். சொன்னதுதான் தப்பு. குடையைப் பிடித்துக்கொண்டு மணிக்கொருதரம் வந்தார். கூலிங் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு கவராக அழுத்திப் பார்த்தார். கூலிங் போகாமல் காவல் காத்தாராம். மறுநாள் மதியத்துக்குள் அத்தனை கறியும் நெகிழ்ந்துவிட்டது.

தொட்டுப் பார்த்தேன். இன்னும் சில்லென்றுதான் இருந்தது, வாடை இல்லை. ஆனால் இளகிய பச்சைக் கறியை மறுபடி உறைய வைத்து மாப்பிள்ளைக்குப் போடுவது வேண்டாத வேலை. ஒன்று தூக்கிப் போட வேண்டும், இல்லையென்றால் உடனே குழம்பாக்கிவிட வேண்டும் என்றேன். வீட்டுக்கு எடுத்துப் போய் ஆக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

"புரட்டாசில இந்தக் கறிய உள்ள எடுத்துப் போனா, அருள்மொழி என்னையும் சேத்து வேக வச்சிடுவா," என்றார். ஷெட்டுக்குள்ளேயே நாலு தரம் நடந்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நீயே வச்சிடு ஸ்டெல்லா. ஆறினதும் சீல் பண்ணிடலாம். அதான் காத்துப் புகாதே," என்றார்.

பாருங்கள், ஆயிரம் வருடக் கிருமி ஒரு பிளாஸ்டிக் கவருக்குப் பயந்துவிட்டது. பச்சைக் கறி வரைக்கும் எட்டாத கிருமி, இப்போது என் அடுப்பில் வெந்த குழம்பையும் விட்டுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் இரண்டு அண்டாவில் வைத்தேன். வரமிளகாய், மல்லி, மிளகு, சோம்பு வறுத்து அம்மியில் அரைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினேன். கோபத்தில் ஆக்கினாலும் என் கைக்குக் குறைவாக ஆக்கத் தெரியாது.

அன்று சாயங்காலமே கரண்டு வந்தது. குழம்பு ஆறட்டும், கெட்டியாக உறையட்டும், பிறகு சீல் பண்ணலாம் என்றேன். அவசரக்காரர் கேட்கவில்லை. சூட்டோடு ஒரு கவரை மிஷின் வாயில் கொடுத்தார். அது ஒரு கரண்டி குழம்பை உறிஞ்சிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. என் வீட்டுச் சமையலை அவர் தரப்பில் முதலில் சாப்பிட்டது அந்தப் பிரான்சு மிஷின்தான்.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் கவர்களை மூட்டையாக எடுத்துப்போனார். பிறகு நடந்ததை, அவர்கள் வீட்டில் வாசல் பெருக்கும் அமிர்தம் சொன்னாள். கடலூர் சமையல் மாஸ்டர் வைத்தது என்று ஐயா மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் சம்பந்தி வீட்டாரிடம் எல்லாம் தன் கை என்று சொல்லியிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. மாப்பிள்ளை புகழ்வேந்தன் இட்லிக்கு ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டு, இந்த மாதிரிக் குழம்பை ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை என்றாராம். ஐயாவும் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாராம். அதைக் கேட்டதும், சரி, நிச்சயத்துக்கு வந்து உட்கார இனி என்ன தடை என்று நினைத்தேன். புத்தி கெட்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுகன்யாவுக்குப் பார்த்திருக்கும் பையன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அதே கம்பெனியில், அதே ஷிப்டில் புகழ்வேந்தனும் வேலை செய்கிறார். கூட்டாளிக்கு நிச்சயம் என்று அவர் வர, மாமனாரும் கூட வந்தார். தட்டு மாற்றி முடிந்ததும் பந்தி போட்டோம். புகழ்வேந்தன் மாப்பிள்ளைப் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஐயா மட்டும் நழுவி, அடுப்பண்டை என்னிடம் வந்தார்.

"வயிறு ஒரு மாதிரி இருக்குது ஸ்டெல்லா. ஒரு கவர்ல போட்டு சீல் பண்ணிக் குடு. வூட்ல போயி நிம்மதியா சாப்டுறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுகன்யா பட்டுப்புடவையோடு எங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்சல் இல்லீங்க. எலதான் இருக்குது," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பந்தியிலிருந்து புகழ்வேந்தன் கூப்பிட்டார். வாய் நிறையச் சோறு. "மாமா, இது தீபாவளிக்கி அத்த வச்ச கொழம்பாச்சே," என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஆட்டுக்கறின்னா எல்லாம் ஒரே மாதிரிதான் மாப்ள இருக்கும்," என்றார் ஐயா.

நான் வாளியோடு போய்ப் புகழ்வேந்தன் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். "அன்னைக்கிக் கறி ஐயாவோடதுங்க. வச்ச கை என்னுது," என்றேன்.

புகழ்வேந்தன் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். அந்தப் பிள்ளை விவரமானவர். பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க மாமா. பழகுன சாப்பாடுதான."

மாமனார் பேச்சை மருமகன் தட்டலாம், தலைதீபாவளி மாப்பிள்ளை பேச்சை மாமனார் தட்ட முடியுமா? உட்கார்ந்தார். நானே இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்து, குழம்பை ஊற்றினேன். முதல் வாய் மெதுவாகப் போனது. பிறகு வயிறு நன்றாகத்தான் இருந்தது. டம்ளர் தண்ணீரையும் சுகன்யாவே கொண்டுவந்து வைத்தாள். அதையும் குடித்தார்.

சாப்பிட்டு முடித்ததும், எப்போது இடத்தைக் காலி பண்ணலாம் என்ற அவசரத்தில் தன் இலையைத் தானே மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அறுப்புக் காலத்தில் அவர் வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் சாப்பிட்டால், எங்கள் இலையை நாங்கள்தான் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தைச் சாணி தெளித்து மெழுக வேண்டும். என் மாமியார் செய்தார், கல்யாணமான புதிதில் நானும் செய்திருக்கிறேன். அவர் கையிலிருந்த இலையை வாங்கிக்கொண்டேன்.

"இருக்கட்டும், குடுங்க ஐயா. எங்க வூட்ல சாப்ட வந்தவங்கள எல எடுக்க வுடமாட்டோம்."