ஏழாம் நிறுத்தத்துக் கதவு

கவிஞர் பதினோரு நாள் நடந்தார். அது நடந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பதினோரு நாளில் அவர் உட்கார்ந்த இடம், படுத்த இடம், கால் கழுவிய இடம் என்று ஒன்று விடாமல் தேடிப் பிடித்த நகராட்சி, எல்லா இடத்தையும் நிறுத்தங்களாக எண்ணி நீலப் பலகை அடித்து, தரையில் வெள்ளைப் பெயிண்டால் பாதம் வரைந்து, ‘கவிஞர் நடந்த பாதை’ என்று பெயரும் சூட்டிவிட்டது. அவர் படுத்த மரத்தடியில் இப்போது ஒரு வங்கியின் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. அவர் தண்ணீர் குடித்த கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஐந்தாம் நிறுத்தத்தில் ஒரு வீடு. அங்கே அவருக்கு இரண்டு நாள் சோறு போட்டு, காலில் இருந்த கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்களாம். அந்த வீட்டு வாசலில் யாரும் அரை நிமிஷம்கூட நிற்பதில்லை. சோறு போட்டதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறது?

கூட்டம் முண்டியடிப்பது ஏழாம் நிறுத்தத்தில்தான். காய்ச்சலோடு மழையில் நனைந்து வந்த கவிஞர் அங்கே ஒரு வீட்டுக் கதவை மூன்று முறை தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. இடமில்லை என்று ஒரு குரல் சொன்னது. கதவு சாத்திக்கொண்டது. கவிஞர் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்து, அந்தக் கதவைச் சபித்து ஒரு பாட்டு எழுதினார். பள்ளிக்கூடம் போன அத்தனை பேருக்கும் அது மனப்பாடம். கதவைச் சாத்தியது ஆணா பெண்ணா, உள்ளே அவர்களுக்கு என்ன கஷ்டம், ஒன்றும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

இந்தக் காலத்தில் அந்த வீட்டில் குடியிருந்தவள் ஒரு தையற்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் இரண்டு வருஷம் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். அண்ணி அந்த இரண்டு வருஷமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அண்ணன் அலையாய் அலைந்து, நகராட்சிக்குச் சொந்தமான இந்த வீட்டில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தான். ஓர் அறை, பின்பக்கச் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல், ஜன்னலோரம் தையல் மிஷின். துணி கொடுக்க வருகிறவர்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு அந்த ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். முன்கதவு அவளுக்குச் சொந்தமில்லை, அது கவிஞருடையது.

வாடகை கிடையாது. அதற்குப் பதில் ஒரு வேலை. காலை பதினொன்று, பகல் ஒன்று, மூன்று, ஐந்து என்று நாலு வேளை பார்வையாளர் கூட்டம் வரும். மூன்று தட்டு கேட்கும். அவள் கதவை ஒரு சாண் திறந்து, “இங்கே இடமில்லை, நடையைக் கட்டும்” என்று சொல்லிச் சாத்த வேண்டும். கூட்டம் கைதட்டும். இந்த உத்தியோகத்துக்குக் காகிதத்தில் ‘கதவுப் பணியாளர்’ என்று பெயர். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தலைக்கு மேல் கூரை வேண்டுமே. அவள் செய்தாள்.

முதல் ஆறு மாதம் தொந்தரவில்லை. பிறகுதான் கூட்டத்தைக் கூட்டி வருகிற வழிகாட்டிக்குக் குஷி பிறந்தது. இடுப்பில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வாயோடு மைக்கை வைத்துக்கொண்டே திரிவதால் அவருக்கு ‘மைக்’ என்றே பேர். அண்ணனுக்குப் பழைய சிநேகிதர்.

“சும்மா தட்டிச் சாத்தினா ஜனங்களுக்கு அலுத்துப்போகுது, தங்கச்சி. நீ சாத்தினப்புறம் அஞ்சு நிமிஷம் டைம் குடுக்கிறேன். கெஞ்சட்டும், அழட்டும், என்ன வேணா பண்ணட்டும். உன்னைத் திறக்க வச்சா அவங்க ஜெயிச்சாங்க. ஆளுக்கொரு தொப்பி.”

கவிஞர் முகம் போட்ட நீலத் தொப்பி. அதற்காகவா இப்படி என்று கேட்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கிறதென்றால் ஜனங்கள் எதற்கும் துணிவார்கள். நகராட்சி அதிகாரிக்கு யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. அவர் தன் பங்குக்கு ஒரு விதியையும் சேர்த்தார். விளையாட்டென்றால் இரண்டு பக்கமும் இழப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றார். மூன்று முறை ஏமாந்து திறந்தால் அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைக் குறித்து வைக்க மைக்கின் கையில் ஒரு நோட்டு.

வந்தார்கள் பாருங்கள், பெரிய மனுஷர்களும் படித்தவர்களும். கதவில் வாயை வைத்து ஒருவர் நாய் கடித்துவிட்டது என்பார். ஒருத்தி குழந்தையைக் கிள்ளி அழவிடுவாள். வாத்தியார் மாதிரி இருந்த ஒருவர் மூக்கில் சிவப்பு மையைத் தடவிக்கொண்டு, ரத்தம் நிற்கவில்லை என்று முனகினார். கதவிடுக்கில் பார்த்த அவளுக்கு மனசு கேட்கவில்லை. திறந்தாள். ஓவென்று கூச்சல். நோட்டில் ஒன்று. அடுத்த மாதம் நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் சரிந்தாள். அதற்கும் திறந்தாள். வந்தவள் புடவைக்குள்ளிருந்து தலையணையை உருவி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். நோட்டில் இரண்டு.

அன்றைக்குப் பூராவும் தையற்காரிக்குத் தையல் ஓடவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி. இதை விட்டால் மறுபடி அண்ணியின் சமையற்கட்டு மூலையில் போய்ப் படுக்க வேண்டும். செத்தாலும் இனிமேல் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அண்ணன் வேலை பார்த்தது எதிரேயுள்ள பஸ் டிப்போவில். வருகிற பஸ், போகிற பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அவனும் மைக்கும் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தங்கையைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

“வெளியாளுக்கெல்லாம் திறக்கிறே. நான் வந்தா ரெண்டு நிமிஷத்துல திறக்க வச்சிடுவேன்.”

“பாக்கலாமா?” என்றார் மைக்.

“பாக்கலாம். தொப்பியைத் தயாரா வையி.”

“நீ தலைகீழா நின்னாலும் திறக்க மாட்டேண்ணே,” என்றாள் அவள். மூவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கினதும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். போன வாரம் டாக்டர் கொடுத்ததாம். “நெஞ்சு அடைச்சா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணுமாம். உங்க அண்ணிகிட்ட சொல்லித் தொலைக்காதே. வேலையை விடுன்னு உசுரை வாங்குவா.” அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “சும்மா வாய்வுதான்” என்று பேச்சை மாற்றிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டிப்போவுக்குப் போகிற வழியில் ஜன்னலுக்கு வந்தான். காக்கிச் சட்டையின் ஒரு பை கிழிந்து தொங்கியது. அதைக் கழற்றி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, அவள் அலசிக் காயப்போட்டிருந்த இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். “சாயங்காலம் வாங்கிக்கிறேன் குட்டிம்மா” என்றான். அவசர வேலை மூன்று இருந்தது. அந்தச் சட்டை அடியில் போயிற்று.

பதினோரு மணிக்கு மூன்று தட்டு. ஒரு சாண் திறந்தாள், சொன்னாள், சாத்தினாள். ஆரம்பித்தார்கள். ஒருவன் பாம்பு பாம்பு என்றான். ஒரு பெண் கவிஞரின் பாட்டை ராகம் போட்டு இழுத்தாள். தையற்காரி கதவுக்கு உள்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போது வெளியே மைக்கின் குரல் உற்சாகமாக உயர்ந்தது.

“இதோ பாருங்க, இன்னிக்கு ஒரு விசேஷம். ரோட்டைக் கடந்து ஒருத்தர் வர்றார் பாருங்க, சுவரைப் பிடிச்சுக்கிட்டு? அவர் யாருன்னு நினைக்கறீங்க? உள்ளே இருக்கிற அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். சவால் விட்டுட்டு வந்திருக்கார். வழி விடுங்க, வழி விடுங்க.”

அட திருட்டு அண்ணனே என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கதவில் தட்டவில்லை. உள்ளங்கையால் அறைந்தது போல ஒரு சத்தம். “குட்டிம்மா… கதவைத் திற.”

“முடியாதுண்ணே.”

“சட்டை… அந்தச் சட்டையைக் குடு. பையில…”

காலையில் சட்டையைக் கொண்டுவந்து போட்டது இதற்குத்தானா? என்ன மூளை இவனுக்கு. வாடிக்கைக்காரர்களுக்கு ஜன்னலில் சொல்கிற பதிலையே அவள் கதவுக்கும் சொன்னாள். “சட்டை இன்னும் தைக்கலண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு வா.”

வெளியே கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“விளையாட்டு இல்லடி…” என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. விளையாட்டு இல்லை என்று சொல்லாத ஆள் ஒருத்தர்கூட அந்த வாசலுக்கு வந்ததில்லை. நாய் கடித்தவர் சொன்னார். தலையணைக்காரி சத்தியமே பண்ணினாள். ஆனாலும் அது அண்ணன் குரல். கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது. நோட்டும், மூன்று என்கிற எண்ணும், அண்ணியின் சமையற்கட்டும் கண்முன்னால் வந்தன. கையை இழுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து கத்தினாள்.

“இங்கே இடமில்லை, நடையைக் கட்டும்.”

கைதட்டல் தெருவையே பிளந்தது. கதவில் கனமாக ஏதோ மோதி, சரசரவென்று கீழே இறங்கியது.

“விழற அழகைப் பாருங்க,” என்றது மைக்கின் குரல். “முப்பது வருஷமாத் தெரியும் எனக்கு. இவ்வளவு நல்லா நடிப்பான்னு தெரியாது. போட்டோ எடுக்கிறவங்க இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் இங்கதான்.”

ஜெயித்துவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரட்டும், மூக்கை அறுக்கலாம். அதற்குள் பையைத் தைத்து முடித்து, இந்தாண்ணே உன் தந்திரச் சட்டை என்று கையில் கொடுக்க வேண்டும். அடியிலிருந்து காக்கிச் சட்டையை உருவினாள். எந்தச் சட்டையானாலும் மிஷினில் வைக்குமுன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். துழாவினாள். கிழியாத பையில் ஒரு பஸ் அட்டவணை, ஒரு பென்சில், மாத்திரை அட்டை.

அவள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. கதவுக்கு எட்டே அடி தூரம். அந்த எட்டு அடியில் இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கியதும் கதவு தானாகவே உள்ளே தள்ளிக்கொண்டு திறந்தது. அண்ணனின் தலை வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் சாய்ந்தது. கண் திறந்தே இருந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. விசில் பறந்தது. அவள் அவன் தாடையைப் பிடித்துத் திறந்து நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தாள். அது வெளியே வந்து விழுந்தது. மறுபடி வைத்தாள். “அண்ணே, திறந்துட்டேண்ணே. இதோ பாரு, திறந்துட்டேன்” என்று அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மைக்கின் முகம் வெளுத்துப்போயிற்று. வாயோடு வைத்த மைக்கை எடுக்க மறந்து நின்றார். அவர் மூச்சு வாங்குவது ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டது.

முன்வரிசையில் நின்ற ஓர் அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டாள். “கதவு திறந்துடுச்சுங்களே, தொப்பி எங்களுக்குத்தானே?”

பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உடல் வீட்டுக்கு வந்தபோது அண்ணி அவளைப் படியேற விடவில்லை. தெருவில் நின்றபடிதான் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து நாள் கழித்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று முதல் வரி. மூன்றாம் முறை திறந்திருப்பதால் மாத முடிவுக்குள் காலி செய்யவும் என்று இரண்டாவது வரி. அவள் எதிர்த்து எழுதவில்லை. மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒரு சலவைக்கடையின் பின்னறைக்குப் போனாள். புதிய கதவுப் பணியாளராகக் காது கேட்காத ஒரு கிழவரைப் பார்த்துப் போட்டார்கள். கதவில் கையை வைத்தால் அதிர்வு தெரியுமாம், தட்டினதற்குத் திறப்பாராம், கெஞ்சினால் கேட்காதாம். ரொம்ப வசதி.

அந்தத் தெருப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து, டிப்போ சீருடைகளைத் தைத்துக் கொடுக்கப் போகவேண்டி வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாக நடந்தாள். மணி பதினொன்று. ஏழாம் நிறுத்தத்தில் கூட்டம் முன்னைவிட இரண்டு பங்கு நின்றது.

“கவிஞரோட சாபம் சும்மா போகலை,” என்று மைக்கின் குரல் கணீரென்று கேட்டது. “போன வருஷம் இதே வாசல்ல ஒரு பொம்பளை இருந்தா. நெஞ்சு வலியோட கூடப்பிறந்த அண்ணன் வந்து தட்டறான். தண்ணி கேக்கறான். இடமில்லைன்னு சாத்திட்டா. இங்கேதான், நீங்க நிக்கற இதே இடத்துலதான் அவன் உசுரு போச்சு.”

அய்யோ என்றார்கள். பாவி என்றாள் ஒருத்தி. ஒரு பெண் அந்தத் தரையைப் படம் எடுத்தாள். இவ்வளவுதான் கதை, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோல மைக் கையைத் தட்டிக்கொண்டார். கதவு திறந்ததை அவர் சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் சாத்தினவரும் பிறகு திறந்திருப்பாரோ, கவிஞர் அதற்குள் எழுந்து போயிருப்பாரோ என்று அவளுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே வந்தாள். “அவ திறந்தா,” என்றாள். மறுபடி சொன்னாள். “மைக் அண்ணே, நான் திறந்தேனே. நீங்க பாத்தீங்களே.”

மைக் அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. உதடு லேசாக அசைந்தது. பிறகு ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா, மூட்டை மறைக்குது,” என்று சொல்லிவிட்டு, கதவை மூன்று முறை தட்டினார்.