தலைவர் மலையிறங்கினார்

உர்சினா பதினாறு ஆண்டுகளாக ஆட்களை ஆர்னிஸ்டாக் உச்சிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். காலை எட்டரைக்கு லூசர்ன் ரயில் நிலைய வாசலில் பேருந்து. பத்தரைக்கு அடிவாரம். இரண்டு கேபிள் கார் மாறிப் பதினொன்றேகாலுக்கு உச்சி. பனிக்குகை, பனிமேல் கொஞ்சம் நடை, சாப்பாடு, மூன்று மணிக்கு இறக்கம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் கால் வைத்ததும் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். முதலில் "ஆ" என்பார்கள். அடுத்துக் கழிப்பறை எங்கே என்பார்கள். அதன்பிறகு மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தங்கள் முகத்தையே படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. கோபப்படுவதற்கே ஒருவர்மேல் கொஞ்சம் மதிப்பு வேண்டியிருக்கிறது.

அந்த மார்ச் மாதத்து வியாழக்கிழமை வந்தவர்கள் ஜூரிக்கின் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஓய்வுபெற்றோர் சங்கத்தினர். இருபத்துமூன்று பேர். எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். எல்லோர் காலிலும் எவரெஸ்ட்டுக்குப் போகிற அளவுக்கு விலையுயர்ந்த பூட்ஸ். சங்கத்தின் தலைவர் கொன்ராட் ஹூர்லிமன், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அதை எவரும் மறந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருப்பவர். பேருந்தில் ஏறும்போது உர்சினாவின் வணக்கத்தை வாங்கிக்கொள்ளாமல் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளை வழிகாட்டி யாரும் இல்லையா?"

"இருக்கார், டாக்டர். அவருக்கு இன்னிக்கு நல்ல நாள். லீவு."

அவர் பின்னால் நுஸ்லி அம்மா ஏறினார். எழுபத்துநான்கு வயது, ஒல்லி, சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. தோளில் ஒரு பை, கையில் ஒரு பழுப்புத் தோல் பை. தோளில் இருந்தது அவருடையது, கையில் இருந்தது தலைவருடையது. முப்பத்தொரு வருடம் ஹூர்லிமனின் செயலாளராக இருந்தவர். இருவரும் ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம் ஆகியும் அந்த வேலை ஓயவில்லை. சங்கத்தின் கடிதங்களையும் செய்தி இதழையும் அவர்தான் தட்டச்சு செய்கிறார். ஹூர்லிமன் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார். அந்தக் கையில் மூக்குக் கண்ணாடியோ, புதினா மிட்டாயோ, அந்த நேரத்துக்கு எது தேவையோ அது வந்து விழும். இதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே வந்த உர்சினாவுக்குத் தலைவரைவிட அந்த அம்மாமேல்தான் அதிக இளக்காரம். நாய்கூட எப்போதாவது ஒருமுறை கூப்பிட்டால் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

நடு நிலையத்தில் மெல்க் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். கேபிள் காரை ஓட்டுகிறவன். தாடியில் எப்போதும் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருக்கும். காற்றைப் பற்றி மட்டும் பொய் சொல்லமாட்டான்.

"உர்சி, தெற்குக் காத்து கிளம்புது. சாயங்காலம்னு அறிக்கை சொல்லுது. எனக்கென்னவோ ரெண்டு மணின்னு படுது. ஒன்றரைக்கே உன் கூட்டத்தை இறக்கிடு."

"இறக்கிடலாம். இவங்களுக்கு மலை பார்க்கப் பத்து நிமிஷமே அதிகம்."

உச்சி வெயிலில் கண் கூசியது. அவர்கள் "ஆ" என்றார்கள், கழிப்பறையைக் கேட்டார்கள், முகத்தைப் படம் எடுத்தார்கள். உர்சினா எல்லோரையும் கூட்டி, காற்று வரப்போகிறது, சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து ஒன்றரைக்கு நிலையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று இருமுறை சொன்னாள்.

"சாப்பாடு பன்னண்டரைக்குப் பதிவாகியிருக்கு. அதுக்கப்புறம் என் பேச்சு," என்றார் ஹூர்லிமன். "வாயில அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"காத்துக்கு உங்க பழக்கம் தெரியாதே, டாக்டர்."

"பொண்ணே, நாப்பது வருஷம் ஆபத்தைக் கணக்குப் போட்டே சம்பாதிச்சவன் நான். நீ எனக்குச் சொல்லாதே."

பேச்சு ஒன்று ஐந்துக்குத் தொடங்கியது. தலைப்பு: விதிகளும் பொறுப்புணர்வும். இன்றைய தலைமுறைக்கு இரண்டும் இல்லை என்றார். நாற்பத்தைந்து நிமிடம். உருளைக்கிழங்கு வறுவல் தட்டில் ஆறிப்போனது. உர்சினா இரண்டு முறை கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். இரண்டு முறையும் அவர் அவளுக்காகவே குரலை உயர்த்தினார். கைதட்டல் முடிந்து அவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டபோது மெல்க் காலி கேபினோடு மேலே வந்து சேர்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முடிஞ்சுது. வரும்போதே தூண்ல இடிக்கிற மாதிரி ஆடுச்சு. கீழே நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"காத்தைத்தான் கேக்கணும்."

உணவகத்தின் கண்ணாடிச் சுவர்கள் உறுமத் தொடங்கின. வெளியே பனி தரையிலிருந்து எழுந்து கிடைமட்டமாகப் பறந்தது. சங்கத்தினரில் பலர், சொல்லப்போனால், பரவாயில்லை. நாலைந்து பேர் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். தலைவரின் மனைவி ஹெட்விக் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்து, இரண்டாவது தட்டு வறுவல் கொண்டுவரச் சொன்னார். தலைவர்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஏழு மணிக்கு ஜூரிக்கில் அவருக்கு ஒரு விருந்து. நகர மன்றத்து ஆள் ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறாராம். ஹெலிகாப்டரைக் கூப்பிடச் சொன்னார்.

"இந்தக் காத்துல ஹெலிகாப்டர் வராது. வந்தாலும் விருந்துக்கு வராது," என்றான் மெல்க்.

கூட்டத்தில் ஒரு தலை குறைவதை உர்சினா கவனித்தது மூன்று மணிக்கு. கழிப்பறைக்குப் போகும் நடையில், பெஞ்சு ஒன்றில் நுஸ்லி அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தோல் பை. காலடியில் வாந்தி எடுத்த காகிதப் பை, வாய் மடித்து, ஒழுங்காக. உதடு நீலம் பாரித்திருந்தது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"சாப்பாட்டுக்கு முன்னாலேர்ந்து. தலைதான் பிளக்குது. மூச்சு கொஞ்சம்... பேச்சுக்கு நடுவுல எழுந்து போனா நல்லாயிருக்காதேன்னு..."

உர்சினாவுக்கு உயரத்து நோய் புதிதல்ல. சிலருக்குத் தானாகச் சரியாகும்; உதடு நீலமானவர்களுக்கு ஒரே மருந்து கீழே இறங்குவது. அவள் ஆக்சிஜன் குப்பியைக் கொண்டுவந்து மூக்கில் பிடித்துவிட்டு, தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"அவ அப்படித்தான்," என்றார் அவர். "பஸ்ஸுல ஏறினாலே தலை சுத்தும். என் பையை மட்டும் வாங்கிட்டு வா, அதுல என் மாத்திரை இருக்கு. வயித்துக்கு."

உர்சினா மெல்க்கிடம் போனாள். பெரிய கேபினை அசைக்க முடியாது. ஆனால் மீட்புப் பணிக்கென்று ஒரு சின்ன கேபின் உண்டு. காற்று சற்று ஓயும்போது அதை ஆமைவேகத்தில் இறக்கலாம். ஒருவர் படுக்கலாம், ஒருவர் உட்காரலாம், மெல்க் நிற்கலாம். நோயாளிக்கு மட்டும்தான், கீழே கேட்டு அனுமதியும் வாங்கியாகிவிட்டது. அவர்கள் பேசியது இரண்டு மேசை தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஹூர்லிமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

வலப்பக்கம் பிடித்திருந்தார்.

"நெஞ்சு... இறுக்கமா இருக்கு. நானும் இறங்கியாகணும். ஹெட்விக், கோட்டை எடு. ரெண்டு இடம் இருக்கு இல்ல?"

"நுஸ்லி அம்மா?" என்றாள் உர்சினா.

"அவ அடுத்த தடவை வரட்டும்."

சீட்டுகள் மேசைமேல் கவிழ்ந்தன. அந்த மனிதரை அவள் ஒரு கணம் பார்த்தாள். நிஜமாகவே வலியாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பொய்யாக இருந்தாலும் அதையேதான் செய்யப்போகிறாள். அந்த எண்ணம் வந்ததும் மனம் லேசானது.

"சரி, டாக்டர். மெல்க், தூக்குப் படுக்கை!"

ஆரஞ்சு நிறத்தில், ஆறு வார்களோடு அது வந்தது. ஹூர்லிமன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாம் வேணாம். நான் உக்காந்தே வரேன்."

"நெஞ்சுவலிக்காரங்க உக்காரக் கூடாது. கட்டிப் படுக்க வெச்சு, முகத்துல ஆக்சிஜன் மாட்டி, கீழே ஆம்புலன்ஸ்ல ஏத்தணும். விதி. இப்பத்தான் முக்கால் மணி நேரம் விதியைப் பத்திச் சொல்லிக் குடுத்தீங்க."

"ஆம்புலன்ஸா? எனக்கு ஏழு மணிக்கு..." நிறுத்திக்கொண்டார். "இப்பக் கொஞ்சம் தேவலை."

"ரொம்ப சந்தோஷம். அப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, வலி இல்லன்னு. நுஸ்லி அம்மாவைப் படுக்க வெச்சு அனுப்பறோம். நீங்க எங்களோட சூப் குடிச்சுக்கிட்டு இருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். இருபது முகங்கள், எல்லாம் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவை. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. வாய் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் அவர் தொண்டைவரை வந்து திரும்பிப் போனதை உர்சினா பார்த்தாள். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதைவிட, சுருட்டிய கம்பளம்போலக் கட்டப்பட்டுப் போவதே மேல் என்று முடிவெடுக்கிற ஒரு மனிதரை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

"படுத்துக்கோ, கொன்ராட்," என்றார் ஹெட்விக், தட்டிலிருந்து தலை நிமிராமல். "எனக்கு இங்க சௌகரியமாத்தான் இருக்கு."

அவர் படுத்தார். மெல்க் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டினான். முகமூடி மாட்டினான். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். நோயாளியைப் படம் எடுக்கக் கூடாது என்று தடுப்பது உர்சினாவின் வேலை. தடுக்கவில்லை. நுஸ்லி அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, அவருக்கும் ஒரு குப்பியைக் கையில் கொடுத்தாள்.

கேபின் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. உள்ளே நடந்ததை மெல்க் மறுநாள் சொன்னான். முதல் தூணில் கேபின் ஆடியபோது தலைவர் அலறியிருக்கிறார். இரண்டாவது தூணில் கடவுளைக் கூப்பிட்டிருக்கிறார். நுஸ்லி அம்மா ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நிறம் திரும்பி வந்து, நடு நிலையம் வந்ததும் காபி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

"அப்பக்கூட அந்த ஆளு முகமூடிக்குள்ளேர்ந்து கத்தறான்: 'நுஸ்லி, என் பை! கூட வா, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுக்க ஆள் வேணும்!'"

"கூடப் போச்சா அந்த அம்மா?"

"பையை அவன் வயித்து மேல வெச்சாங்க. என்னைப் பார்த்தாங்க. நான் அதுக்கு மேல ஒரு வாரைப் போட்டேன். 'இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, விழுந்துடப் போவுது'ன்னாங்க. அப்புறம் காபி குடிக்கப் போயிட்டாங்க."

ஐந்தே முக்காலுக்குக் காற்று படுத்தது. மற்றவர்கள் பெரிய கேபினில் பாடிக்கொண்டே இறங்கினார்கள். தலைவரை அன்றிரவு முழுதும் மருத்துவமனையில் வைத்திருந்து, ஒயர்களை மாட்டிப் பார்த்து, இதயம் இளைஞனுடையதுபோல் இருக்கிறது என்று சொல்லிக் காலையில் அனுப்பிவிட்டார்கள். நகர மன்றத்து ஆள் விருந்தில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

மூன்று பக்கத்துக்குப் புகார்க் கடிதம் வந்தது. சுற்றுலா அலுவலகத்து மேலாளர் உர்சினாவைக் கூப்பிட்டு, கடிதத்தை ஏதோ செத்த எலியைப்போல இரு விரலால் தூக்கிக் காட்டினார்.

"அவமானப்படுத்திட்டியாம்."

"நெஞ்சுவலின்னார். விதிப்படி செஞ்சேன். வலி இல்லாமலே சொன்னேன்னு கடிதத்துல எங்கயாவது எழுதியிருக்காரா?"

மேலாளர் மூன்று பக்கத்தையும் திரும்பப் படித்தார். எழுதியிருக்கவில்லை. அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனாலும் இரண்டு இலவசச் சீட்டு வைத்து மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அவரிடமிருந்து வேறெதையும் உர்சினா எதிர்பார்க்கவும் இல்லை.

ஏப்ரலில் சங்கத்தின் செய்தி இதழ் அலுவலகத்துக்கு வந்தது. முதல் பக்கத்தில் ஹூர்லிமனின் படம், பனிமலைப் பின்னணியில். தலைப்பு: 'புயலிலும் நிலைகுலையாத தலைமை'. கடைசியில், தட்டச்சு: மா.நு. உர்சினாவுக்கு இந்தமுறை நிஜமாகவே கோபம் வந்தது. இதழிலேயே தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டாள்.

"நுஸ்லி அம்மா, உங்களை நடையில சாக விட்டுட்டு இறங்கப் பார்த்த ஆளு அவரு. அந்தப் பொய்யை எப்படி உங்க கையால அடிச்சீங்க?"

"அவர் எழுதிக் குடுப்பார், நான் அடிப்பேன். பிழை இருந்தாத் திருத்துவேன். நாப்பத்திரண்டு வருஷமா அதானே," என்றார் நுஸ்லி அம்மா. குரலில் ஒரு அவசரமும் இல்லை. "முழுசாப் படிச்சீங்களா?"

"தலைப்பே போதும்."

"நாலாவது வரியைப் படிங்க."

உர்சினா படித்தாள். 'கடும் நெஞ்சுவலி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, தலைவர் அனைவருக்கும் முன்னால் மலையிறங்கினார்.'

"அவர் எழுதினது, 'கடும் நெஞ்சுவலி இருந்தபோதிலும், அனைவரின் நலனையும் முன்னிட்டு'ன்னு. பிழையா இருந்துது. திருத்தினேன்."

"அவர் பார்க்கலையா?"

"நான் அடிச்சதை அவர் என்னிக்குப் படிச்சிருக்கார்? கையெழுத்து மட்டும்தான்."

"எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"நானூத்திப் பன்னண்டு. சரி, அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

உர்சினா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். அன்று நடு நிலையத்தில் இறங்கியதும் மெல்க்கைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினாள். அவன் தாடியைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "ஒரே ஒரு சொல்லு விட்டுப்போச்சு. படுத்தபடி."