மூன்று கேள்விகளும் ஒரு குணுக்கும்

யாழ்ப்பாணத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால் மூன்று கேள்விக்குள் ஒருவரையொருவர் அளந்து முடித்துவிடுவார்கள். எந்த ஊர்? எந்தப் பள்ளிக்கூடம்? ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை? மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் பெயரைக் கேட்பது. சிலர் அதையும் கேட்பதில்லை. 'கிளாக்கர் செல்வநாயகத்தின்ரை மருமோன்' என்று சொல்லியே ஒரு மனிசனுடன் முப்பது வருடம் பழகிவிடுவார்கள்.

மதுரா அந்த மூன்று கேள்வியையும் தடைசெய்துவிட்டாள்.

சட்டம் போடுகிற அளவுக்கு அவள் பெரிய ஆள் ஒன்றுமில்லை. வயது இருபத்தாறு. அச்சகம் ஒன்றில் கலியாண அழைப்பிதழுக்கு மயிலும் யானையும் வரைகிற வேலை. ஆனால் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு ஓர் அதிகாரம் இருந்தது. நகரத்தில், தனியார் வகுப்பு நடக்கிற ஒரு டியூட்டரியின் மேல்மாடியை எடுத்து நிருஷன் என்ற பெடியன் கேம் ஜாம் நடத்தினான். ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள் வந்து, மூன்று நான்கு பேராகக் குழு சேர்ந்து, காலையில் கொடுக்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அடுத்த நாள் பின்னேரத்துக்குள் ஒரு சின்ன கணினி விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். நிரல் எழுதுகிறவன் ஒருவன், படம் வரைகிறவள் ஒருத்தி, கதை சொல்கிறவர் ஒருவர் என்று சேர்ந்தால்தான் காரியம் ஆகும். அப்படி ஆட்களைச் சேர்த்துவிடுவது மதுராவின் பொறுப்பு.

பொறுப்பு அவளிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருடம் இதே மாடிக்கு அவள் படக்கொப்பியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்திருந்தாள். நல்ல சட்டை போட்ட ஒரு பெடியன் சிரித்த முகத்தோடு வந்து பக்கத்தில் இருந்தான்.

"எந்த ஊர்?"

"மருதனார்மடம்."

"மருதனார்மடத்திலை எந்தப் பக்கம்?"

"சந்தைக்குப் பின்னாலை."

"அப்பா என்ன செய்யிறார்?"

"சந்தையிலை மூட்டை இறக்கிறவர்."

"ஓ," என்றான் அவன். அந்த ஓவோடு கதை முடிந்தது. அவன் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பிழையாகச் சொல்லவில்லை. போனைப் பார்த்தான், எழும்பினான், தன் பள்ளிக்கூடத்துப் பெடியங்களோடு போய் இருந்துகொண்டான். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பது, சாதி என்ன என்று கேட்பதற்கு எங்கள் சனம் கண்டுபிடித்து வைத்திருக்கிற மரியாதையான வழி. அதை மரியாதையாகக் கேட்டால் நோகாது என்று நினைக்கிறார்கள். நோகும். மதுரா மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பாதியில் மூடிவிட்டு ஒருமணி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள். "என்ன பிள்ளை, வெள்ளன வந்திட்டாய்?" என்று அப்பா கேட்டதற்குத் தலையிடி என்றாள். கொப்பியை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு நிருஷன் போன் எடுத்து ஏன் இடையில் போனீர்கள் என்று விசாரித்தபோது, அவனுக்குச் சொன்னாள். "அப்ப வாற வருசம் ஆக்களைச் சேர்க்கிற வேலையை நீங்கள் பாருங்கோ," என்றான்.

இந்த வருடம் வாசலிலேயே பெரிய எழுத்தில் பலகை வைத்தாள். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆற்றை பிள்ளை: இந்த மூன்றையும் இங்கே கேட்கக் கூடாது. கேட்பவருக்குக் குணுக்கு.

குணுக்கு என்றால் அங்கே ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. முந்நூற்றி நாலு என்கிற சீட்டு விளையாடித் தோற்றவரின் காதில் தொங்கவிடுகிற அவமானம் அது. சீட்டுக்கட்டு உள்ள வீட்டில் அதையும் யாராவது செய்து வைத்திருப்பார்கள். மதுரா செய்த குணுக்கு ஐந்து கடதாசிக் கிளிப்பைச் சங்கிலியாகக் கோர்த்து, நுனியில் ஒரு சோடா மூடியைத் தொங்கவிட்டது. மேசை நடுவில், எல்லாருக்கும் தெரியத்தக்கதாக வைத்தாள். வந்தவர்களின் நெஞ்சில் பெயரும், என்ன செய்யத் தெரியும் என்பதும் மட்டும் எழுதிய அட்டை. அன்றைக்கான சொல், 'வழி'.

ஏற்பாடு எல்லாம் திறமாகத்தான் இருந்தது. ஒன்றுதான் குறை. இருபத்தாறு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள்.

"வணக்கம்."

"வணக்கம்."

"நல்ல வெக்கை, என்ன?"

"ஓம், நல்ல வெக்கை."

அவ்வளவுதான். மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவரின் அட்டையை ஒருவர் வாசித்தார்கள். அதற்கு மேல் எங்கே பிடித்து எங்கே போவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பாலத்தை உடைத்துவிட்டு அக்கரைக்குப் போகச் சொன்னால் எப்படிப் போவார்கள்? மதுரா கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். அதில் தான் யோசித்து எழுதிய நல்ல கேள்விகள் பன்னிரண்டு. உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எது? உங்களுக்கு இறக்கை இருந்தால் எங்கே போவீர்கள்? லோஜன் என்ற படம் வரைகிற பெடியனிடம் இறக்கைக் கேள்வியைக் கேட்டாள். "டொய்லெற் எந்தப் பக்கம் அக்கா?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

பதினொன்றரைக்கு, சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்து இருந்தார்கள். தனியாக வந்தவர்கள் தனியாக இருந்தார்கள். போன வருடம் எப்படியோ அப்படியே.

"மதுரா," என்றான் நிருஷன், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து. "உங்கடை சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன? சனம் மௌன விரதம் இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"தளர்த்தமாட்டன்," என்றாள். குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

யன்னலோரத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். இருபது வயதுக்குள் இருக்கும். பெயர் வித்தியா, அதன் கீழே 'சத்தம்' என்று எழுதியிருந்தது. அதை வாசித்த இரண்டு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். காலையில் மதுரா அவளிடம் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டிருந்தாள். "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா," என்று தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு மதுரா மற்றவர்களோடு மல்லுக்கட்டப் போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பாடு வந்தது. எல்லாரும் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம், வித்தியா தன் பார்சலைப் பாதியில் மூடினாள். ஹெட்போன் வயரைச் சுருட்டிப் பையில் வைத்தாள். போனில் நேரம் பார்த்தாள்.

அந்த மூடிய பார்சலை மதுராவுக்குத் தெரியும். இவள் படியால் இறங்கினால் பஸ் எடுப்பாள், வீட்டில் தலையிடி என்பாள், இனி இந்த மாடிக்கு ஒருநாளும் வரமாட்டாள். இந்த ஒரு பிள்ளை போய்விட்டால், போட்ட சட்டமும் பலகையும் எதற்கு? மற்ற இருபத்தைந்து பேரும் பிறகு எப்படிப் போனாலும் போகட்டும் என்று நினைத்தாள். இவள் போகக் கூடாது.

வித்தியா படிவாசலுக்குப் போய்விட்டாள். மதுரா மேசைகளுக்கு நடுவால் ஓடினாள். தாளில் இருந்த பன்னிரண்டு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. பிறந்த நாளில் இருந்து காதில் கேட்டுக் கேட்டு ஊறியது எதுவோ அது வாயில் வந்தது.

"தங்கச்சி, நில்லுங்கோ! நீங்கள் எந்த ஊர்?"

சோற்றுக் கையோடு லோஜன் எழும்பினான்.

"குணுக்கு!"

"குணுக்கு! அக்காவுக்குக் குணுக்கு!" மாடி முழுவதும் எழும்பிவிட்டது. காலையில் இருந்து பூட்டிக் கிடந்த இருபத்தைந்து வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. கனிசியஸ் என்ற உயரமான பெடியன், பாசையூரான், அதுவரை தன் கணினியை விட்டுத் தலை நிமிர்த்தாதவன், மேசையில் இருந்த குணுக்கை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவனுக்கு அதை மாட்டத் துணிவு வரவில்லை. மதுராவே வாங்கித் தன் வலது காதில் கொழுவிக்கொண்டாள். சோடா மூடி தோளில் முட்டி ஆடியது.

வித்தியா சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நீர்வேலி அக்கா," என்றாள். "காலமையிலை இருந்து ஆரும் என்னட்டை இதைக் கேக்கேல்லை. என்னோடை கதைக்க ஒருத்தருக்கும் விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

மதுரா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தன்னை நோகடித்த கேள்விக்காக இந்தப் பிள்ளை காலையில் இருந்து காத்திருந்திருக்கிறாள். அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இருந்தது. அடுத்த கேள்வி மதுராவின் நாக்கிலேயே வந்து நின்றது. நீர்வேலியில் எந்தப் பக்கம்? வேறு யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, அவள் வாயில்தான் இருந்தது. நல்ல சட்டை போட்ட அந்தப் பெடியனை ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். அதை விழுங்கிவிட்டு, வித்தியாவின் நெஞ்சில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"நீர்வேலியிலை என்ன சத்தம் கேக்கும்?"

வித்தியாவின் முகம் மாறியது. பையைத் தோளில் இருந்து இறக்கினாள். போனை எடுத்து ஒன்றைப் போட்டுவிட்டாள். சரசரவென்று ஒரு பெரிய சத்தம், எழும்பி, விழுந்து, திரும்ப எழும்பியது.

"உது எங்கடை கடற்கரை," என்றான் கனிசியஸ் உடனே. "விடிய அலை அடிக்கிறது."

"இல்லை, வாழைத்தோட்டம். சோளகக் காத்துக்குக் காய்ஞ்ச இலையெல்லாம் ஆடுறது."

"சும்மா சொல்லாதேங்கோ."

"அம்மாணை."

அவன் கண்ணை மூடிக்கொண்டு திரும்பக் கேட்டான். "கண்ணை மூடினால் நான் பாசையூரிலை நிக்கிறன்," என்றான். லோஜன் கையைக் கழுவாமலே கிட்ட வந்து தானும் கண்ணை மூடினான். "எனக்கு மழை," என்றான். வித்தியாவிடம் அப்படி நானூறு சத்தம் இருந்தது. கிணற்றுக்குள் வாளி விழுவது, தண்ணீர் இறைக்கிற மெசின், பின்னேரம் கோயில் மணி, அவள் தங்கச்சி பல்லு விளக்குவது. ஒருமணி பஸ் போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நிருஷன் வாசலுக்குப் போய்ப் பலகையை எடுத்துவந்து மதுராவிடம் கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். மதுரா மார்க்கர் பேனையால் முதல் கேள்வியை வெட்டினாள். கீழே எழுதினாள்: ஊரைக் கேட்கலாம். கேட்டால், அங்கே என்ன சத்தம் கேட்கும் என்றும் கேட்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் குணுக்கு, குணுக்குத்தான்.

பிறகு அந்த மாடியை அடக்க ஆளில்லை. ஒருவன் கொடிகாமத்துப் பலாப்பழச் சந்தையில் கூவி விற்கிறதை நடித்துக் காட்டினான். இன்னொருத்தி தன் ஊர் ரெயில் கடவை மணியை வாயால் அடித்தாள். மூன்று மணிக்கு ஏழு குழு சேர்ந்திருந்தது. யார் எந்தப் பள்ளிக்கூடம் என்று யாருக்கும் தெரியாது.

வித்தியா, கனிசியஸ், லோஜன் மூன்று பேரும் ஒரு குழு. திரை முழுவதும் கறுப்பு. சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வழி தேட வேண்டும் என்பது அவர்களுடைய விளையாட்டு. "அப்ப நான் என்னத்தைக் கீறுறது?" என்று லோஜன் இரண்டு நாளும் சண்டை பிடித்தான். கடைசியில் கதவு திறக்கிறபோது தெரிகிற ஒரேயொரு வீட்டை வரைந்தான். அழகான வீடு. அலையா, வாழைத்தோட்டமா என்று பிரித்தறியத் தெரியாதவர்கள் கடலுக்குள் போய் விழுந்தார்கள். நிருஷன் நாலு தரம் விழுந்தான்.

சனி இரவு மேசையில் கழற்றி வைத்துவிட்டுப் போன குணுக்கை, ஞாயிறு காலை மதுரா திரும்ப எடுத்துக் கொழுவிக்கொண்டாள். அன்று பின்னேரம், கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த மதுராவிடம் வித்தியா வந்தாள்.

"அக்கா, நீங்கள் எந்த ஊர்?"

மதுராவின் கை கதிரையில் நின்றது. ஒரு வருடமாக அவள் யாருக்கும் இதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "அங்கை, சுன்னாகம் போற வழி," என்று மழுப்பிவிடுவாள்.

"மருதனார்மடம்."

"அங்கை என்ன சத்தம்?"

மதுரா யோசித்தாள். சந்தை விடியக்காலையில் கூடுகிற சத்தம், ஆஞ்சநேயர் கோயில் மணி என்று எத்தனையோ சொல்லலாம். ஆனால் உண்மையாகவே காதில் இருப்பது ஒன்றுதான்.

"சந்தைக்குப் பின்னாலை எங்கடை வீடு. அப்பா அங்கை மூட்டை இறக்கிறவர். லொறியிலை இருந்து மூட்டை முதுகிலை ஏறேக்கை ஒரு மூச்சு விடுவார். ஹூம் எண்டு. சின்னனிலை அந்தச் சத்தத்துக்குத்தான் நான் நித்திரையாலை எழும்புறது."

வித்தியா ஓ என்று சொல்லவில்லை. போனை எடுத்தாள். "திரும்ப ஒருக்கா செய்து காட்டுங்கோ. இல்லை, வேண்டாம். அது அவரே செய்யோணும். வாற சனி விடிய வாறன், பதியலாமோ? ஏதும் குறை நினைப்பாரோ?"

"வாங்கோ," என்றாள் மதுரா. அவளுக்கு அழுகை வந்தது. கதிரைகளின் பக்கம் திரும்பி, இரண்டு கதிரையைக் கூடுதலாக அடுக்கினாள்.

வீட்டுக்குப் போகையில் பஸ்ஸில் கொண்டக்டர் ஒருமாதிரிப் பார்த்தான். ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டு வாசலில் அப்பா தியாகராசா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"காதிலை என்ன பிள்ளை?"

மதுரா தொட்டுப் பார்த்தாள். சோடா மூடி.

"தோத்துப்போனன் அப்பா," என்றாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். "சனிக்கிழமை விடிய ஒரு பிள்ளை வருவா. நீங்கள் மூட்டை தூக்கேக்கை விடுற மூச்சைப் பதிஞ்சு கொண்டுபோக."

"என்ரை மூச்சையோ?" தியாகராசா பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். நாற்பது வருடம் மூட்டை இறக்கிய மனிதர். அந்தச் சந்தையில் யாரும் அவரிடம் மூட்டையைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. வெட்கப்பட்டு, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"உது நல்ல பகிடி. எந்த ஊர்ப் பிள்ளை?"

"நீர்வேலி."

"நீர்வேலியோ? அங்கத்தை வாழைக்குலை எவ்வளவு இறக்கியிருப்பன்." கொஞ்சம் யோசித்தார். "நீர்வேலியிலை ஆற்றை பிள்ளை?"

மதுரா தன் காதில் இருந்த குணுக்கைக் கழற்றி, கிட்டப் போய், அப்பாவின் காதில் கொழுவிவிட்டாள்.