கடல் இல்லாத ஊரில் படகுக் கட்டணம்

என் அக்கா வீட்டுக்காரர் பென்சன் பாவா, மாமியார் வீட்டில் சாப்பிடாமல் இந்த வழியாகப் போனதே இல்லை. அதனால்தான் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், கே.ஜி.கண்டிகையில் அம்மாவின் டீக்கடை முன்னால், அவருடைய லாரியின்மேல் ஒரு வெள்ளைப் படகு உட்கார்ந்திருந்தது.

படகு நீல்ஸ் என்கிற டென்மார்க்காரப் பெரியவருடையது. தன் கையாலேயே செய்த படகு. தனியாக ஓட்டிக்கொண்டு மங்களூர் வரை வந்தவருக்கு நெஞ்சுவலி வந்து, இனிமேல் தனியாகக் கடலில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் படகை அவர் ஊருக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். படகை இங்கேயே வந்த விலைக்கு விட்டுவிட்டு அவர் மட்டும் விமானம் ஏறவேண்டியதுதான்.

லாரியிலேயே கூட வந்திருந்த நீல்ஸ் படகைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, பாவா இரண்டாம் முறை கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டபோது ஜீப் வந்து நின்றது. எந்த ஆபீஸ் ஜீப் என்று அதில் எழுதியிருக்கவில்லை. இறங்கியவர் பெயர் ஆதிகேசவன் என்று சட்டைப் பட்டையில் இருந்தது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் விரத மாலை.

“இன்னாய்யா இது?”

“படகு சார்,” என்றார் பாவா, கையைக் கழுவாமலே.

“அது தெரியுது. வெளிநாட்டுப் படகுக்கு அனுமதிக் கட்டணம் கட்னியா?”

“இங்க கடலே இல்லியே சார்.”

“அதனாலதான் கட்டணம். கடல்ல இருக்கவேண்டியது இங்க இன்னா பண்ணுது?”

இருபதாயிரம், இல்லாவிட்டால் லாரி ஆபீசுக்கு வரவேண்டும், நாளைக்கு ஆபீஸ் லீவு என்றார் ஆதிகேசவன்.

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். “மிஷன் ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் போனியே, தாத்தாவுக்கு இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்லுடி ஸ்வீட்லின்.”

டீ கேட்டு வருகிறவர்களிடமே நான் தலையைத்தான் ஆட்டுவேன். எப்படியோ சொல்லி முடித்தேன். நீல்ஸ் கோபப்படவில்லை. “தருகிறேன். எதற்கு என்று மட்டும் சொல்லச் சொல். எல்லாத் துறைமுகத்திலும் இதைத்தான் கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“குடுக்கச் சொல்லும்மா, கப்பல் பூடும்,” என்று பாவா தவித்தார்.

அப்போது அம்மையார்குப்பத்துக் காவடிக் கூட்டம் வந்தது. முன்னால் பால்குடத்தோடு வந்த வள்ளியம்மாள் லாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “பாருங்கடி, முருகனுக்குத் தெப்பம் போவுது!”

அவ்வளவுதான். படகின் மூக்கில் சந்தனம் பூசினார்கள், மாலை போட்டார்கள், புது வண்டிக்கு வைப்பதுபோலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரத் தட்டு சுற்றிவந்தபோது ஆதிகேசவனும் பழக்கத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அம்மா என் காதில் சொன்னாள்: “வாயத் தொறக்காத. சாமி பேர்லயே போய்டட்டும்.” ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அம்மா!

நீல்ஸ் என்ன நடக்கிறது என்று கேட்டார். சொன்னேன். பதறி எழுந்துவிட்டார். “தப்பு. குளத்தில் தேடுவார்கள் பாவம். என் படகு என்று சொல்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். “அக்கா, இது தெப்பத்துக்கு இல்ல. இவரோடது. சென்னைக்குப் போவுது.”

“அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீது?” என்றாள் வள்ளியம்மாள்.

“சார் கட்டணம் கேக்கிறாரு.” நான் அவர் பக்கம் திரும்பினேன். “எதுக்குன்னு சொன்னா குடுத்துடறேன்றாரு சார். சொல்லுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்.”

ஆதிகேசவன் வெறுங்காலோடு நின்றார். கூட்டம் காத்திருந்தது.

“சொல்லு நைனா,” என்றாள் வள்ளியம்மாள். “மாலை போட்ட மனுசன், பொய்யா சொல்லப்போற?”

“இல்லம்மா... சும்மா விசாரிச்சேன்.”

“விசாரிக்க இருபதாயிரமா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. காவடிகள் சிரிப்பில் ஆடின.

அவர் குனிந்து ரொம்ப நேரம் ஷூ மாட்டினார். பிறகு பாவாவைப் பார்த்து, “திருத்தணிக்குள்ள ரோடு அடைச்சுட்டாங்க. இந்த உயரத்துக்கு உன்ன உள்ள விடமாட்டாங்க. என் பின்னாடியே வா,” என்றார்.

அதற்கு எவ்வளவு என்று நீல்ஸ் கேட்டார். நான் அப்படியே கேட்டேன்.

“ஒண்ணும் வாணாம்னு சொல்லும்மா,” என்றவர், ஜீப்பில் ஏறப்போய்த் திரும்பிவந்தார். “இத்தினியூண்டு படகுல தனியா வந்தாராமே, பயமா இல்லியான்னு கேளு.”

“கடலில் பயமில்லை. கரையேறும்போதுதான்,” என்றார் நீல்ஸ். நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். ஆதிகேசவன் நெஞ்சில் கைவைத்து வியந்தார்.

ஜீப் முன்னால் போக, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி புறப்பட்டது. அரோகரா சத்தத்தில் பாவாவின் ஹாரன்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பாவா போன் செய்தார். கிரேன் படகைத் தூக்கியபோது பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். “நம்ம சாமியவா, முருகனையான்னு தெரியல அத்தே.”

“யாரக் கும்பிட்டா இன்னா?” என்றாள் அம்மா. “ஏறிடுச்சில்ல?”

“ஆங், ஏறிடுச்சு.”